டிஃபிபிரிலேட்டர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. அதில் இதயத்துக்கு மின்சார ஷாக் கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் பற்றிப் போன் வந்தால் எதிர்முனையில் குரலே பதறும். "சார், மிஷின் ஷாக்கே குடுக்கல." ஓடிப்போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மிஷின் நன்றாகவே இருக்கும். ஷாக் கொடுக்க அது மறுத்திருக்கும், அவ்வளவுதான். இந்தக் கருவிக்குள் இப்படி மறுப்புகள் நிறைய உண்டு. ஒவ்வொன்றையும் யாரோ காரணத்தோடுதான் உள்ளே வைத்திருக்கிறார்கள். அந்தக் காரணம் தெரிந்தால் கோளாறைப் பிடிப்பது சுலபம். அதனால் வழிமுறையோடு கொஞ்சம் பழங்கதையும் சேர்ந்தே வரும்.

உங்கள் முன்னால் ஒருவர் இப்போது விழுந்து கிடக்கிறார் என்றால் படிப்பதை இங்கேயே நிறுத்துங்கள். 108-க்குப் போன் போடுங்கள் (இலங்கையில் 1990). நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்துங்கள். வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிப்பது போலத் தெரிந்தாலும் அதை மூச்சு என்று நம்பி நிறுத்திவிடாதீர்கள். கருவி வந்ததும் ஆன் செய்துவிட்டு அது சொல்வதைக் கேளுங்கள்.

பொறுமையாகப் படிக்க நேரம் உள்ளவர்கள் தொடரலாம். ஏ.இ.டி. என்பது அபார்ட்மென்ட், ஜிம், விமான நிலையம் போன்ற இடங்களில் சுவரில் மாட்டியிருக்கும் பேசும் பெட்டி. இன்னொன்று ஆஸ்பத்திரியில் டாக்டரும் நர்சும் தாங்களே பார்த்து இயக்கும் மானுவல் கருவி. உடம்புக்குள் பொருத்துவதைக் கடைசியில் பார்ப்போம்.

ஆள் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறார், ஏ.இ.டி. "ஷாக் தேவையில்லை" என்கிறது

அதிகம் திட்டு வாங்குவது இந்த மறுப்புதான். பழி சினிமாவுடையது. மானிட்டரில் நேர்கோடு ஓடும், டாக்டர் ஷாக் வைப்பார், நோயாளி துள்ளி எழுவார். நிஜத்தில் நேர்கோட்டுக்கு ஷாக் கொடுத்துப் பயனில்லை. இந்தக் கருவியின் வேலை, தாறுமாறாக நடுங்கும் இதயத்தை ஒரு கணம் மொத்தமாக அடக்குவது. கீழறைத் தசைநார்கள் ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்குத் துடிக்கும் நிலையை வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்பார்கள், சுருக்கமாக வி.எஃப். பத்துத் தவில்காரர்கள் பத்துத் தாளத்தில் வாசிப்பது மாதிரி. ஷாக் எல்லாரையும் ஒரே நேரத்தில் வாயடைக்கிறது. அந்த அமைதியில் இதயத்தின் சொந்தத் தாளக்காரரான சைனஸ் கணு மறுபடி ஆரம்பிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. தாளமே இல்லாத இதயத்தில் அடக்குவதற்கு எதுவும் இல்லை.

1899-ல் ஜெனீவாவில் ப்ரெவோ, பாட்டெல்லி என்ற இருவர் நாய்களில் இதைப் பார்த்தார்கள். சிறிய மின்சாரம் வி.எஃப்.பை உண்டாக்கியது, பெரிய மின்சாரம் அதே வி.எஃப்.பை நீக்கியது. அதாவது தப்பாகக் கொடுக்கும் ஷாக், ஓடுகிற இதயத்தையும் கெடுத்துவிடும். ஏ.இ.டி. முதலில் ஈசிஜியைப் படித்துப் பார்த்து, வி.எஃப். அல்லது அதற்கு நெருக்கமான அதிவேகத் துடிப்பு இருந்தால் மட்டும் சார்ஜ் ஏற்றுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது: உடனே நெஞ்சழுத்தத்தைத் தொடருங்கள். "ஷாக் தேவையில்லை" என்பதை "ஆள் பிழைத்துவிட்டார்" என்றோ "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கருவி மறுபடி பார்க்கும். முதலில் மறுத்தது அடுத்த முறை ஷாக் கேட்கலாம். நெஞ்சில் ஒட்டிய பேட்டைக் கழற்றாதீர்கள், கருவியை ஆஃப் செய்யாதீர்கள்.

"பேட்களைச் சரிபார்க்கவும்" என்று விடாமல் சொல்கிறது

இரண்டு பேட்களுக்கும் நடுவே கருவி மெல்லிய மின்னோட்டம் ஒன்றை அனுப்பி உடம்பின் மின்தடையை அளந்துகொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு இது சராசரியாக 70, 80 ஓம். பேட் சரியாக ஒட்டவில்லை என்றால் அளவு எகிறும், கருவி நின்றுவிடும்.

முதலில் வயரின் முனை கருவியில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பதற்றத்தில் இதுதான் மறந்துபோகும். அடுத்து, பேட்டின் பின்பக்க பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? அப்புறம் தோல். வியர்வை இருந்தால் துணியால் அழுத்தித் துடையுங்கள். நம் ஊரில் ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. "நெஞ்சு அடைக்குது" என்று சொன்னவருக்கு வீட்டில் உள்ளவர்கள் முதலில் தைலமோ எண்ணெயோ தேய்த்திருப்பார்கள். அதன் மேல் எந்தப் பேட்டும் நிற்காது. துடைத்தே ஆக வேண்டும். நெஞ்சில் அடர்ந்த முடி இருந்தால் பெட்டியில் உள்ள ரேசரால் அந்த இரண்டு இடத்தை மட்டும் வழியுங்கள். ரேசர் இல்லையென்றால் பேட்டை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்.

இடம்: ஒன்று நெஞ்சின் மேற்பகுதியில் வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். இரண்டாவதைப் பெரும்பாலானவர்கள் வயிற்றுப் பக்கமாகவோ நெஞ்சின் நடுவிலோ ஒட்டிவிடுகிறார்கள். இரண்டும் கிட்டக் கிட்ட இருந்தால் மின்சாரம் தோலோடு ஓடிவிடும், இதயத்துக்குப் போகாது. வலது இடது மாறி ஒட்டிவிட்டால் பரவாயில்லை, பிய்த்து மாற்ற வேண்டாம். பிய்த்த பேட் மறுபடி ஒழுங்காக ஒட்டாது.

பெண்களுக்கு ஒட்டும்போது சுற்றி நிற்பவர்கள் தயங்குகிறார்கள். உள்ளாடையை விலக்கவோ வெட்டவோதான் வேண்டும், மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டே வேலையைச் செய்யலாம். தாலிச் செயினைக் கழற்ற வேண்டியதில்லை, பேட்டில் படாமல் ஓரமாகத் தள்ளினால் போதும்.

எட்டு வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகளுக்கான பேட் அல்லது கருவியில் செருகும் குழந்தைச் சாவி. அது கிடைக்காவிட்டால் பெரியவர் பேட்டையே, ஒன்று நெஞ்சிலும் ஒன்று முதுகிலுமாக ஒட்டலாம். தலைகீழாகச் செய்யக் கூடாது. குழந்தைப் பேட் சக்தியைக் குறைத்தே அனுப்பும், பெரியவருக்கு அது போதாது.

"அசைவு உள்ளது, தொடாதீர்கள்" என்று சொல்லி ஆராய்ச்சியை நிறுத்திவிடுகிறது

யாரோ கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருப்பார்கள், அல்லது ஆம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். கருவிக்கு வண்டியின் குலுக்கலும் ஈசிஜி அலை மாதிரியே தெரியும். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், எல்லாரையும் விலகச் சொல்லுங்கள். சில வினாடிகள் போதும்.

மானுவல் கருவி: சார்ஜ் ஏறுகிறது, பொத்தானை அழுத்தினால் ஷாக் போகவில்லை

முன்பு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு இப்படி ஒரு போன். "சிஸ்டர், திரையில அலைக்கு மேல சின்னச் சின்னக் குறி தெரியுதா?" "ஆமா சார், சிங்க்னு ஒரு லைட்டும் எரியுது." "அதை ஆஃப் பண்ணிட்டு மறுபடி சார்ஜ் போடுங்க." போனிலேயே முடிந்தது. சாயங்காலம் வேறொரு நோயாளியின் வேகத் துடிப்பைச் சரிசெய்ய சிங்க் போட்டிருக்கிறார்கள், எடுக்க மறந்துவிட்டார்கள்.

இந்தப் பொத்தான் வந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஷாக் சிகிச்சை மனிதருக்கு முதன்முதலில் பலித்தது 1947-ல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில். அறுவை சிகிச்சையின்போது இதயம் நின்ற 14 வயதுப் பையனுக்கு, மூடிய நெஞ்சை மறுபடி திறந்து கையால் இதயத்தைப் பிசைந்துகொண்டே கிளாட் பெக் என்ற டாக்டர் ஷாக் கொடுத்தார். பையன் பிழைத்தான். 1956-ல் பாஸ்டனில் டாக்டர் பால் ஜோல் நெஞ்சைத் திறக்காமலே வெளியிலிருந்து கொடுத்துக் காட்டினார். இரண்டும் சுவரிலிருந்து வரும் ஏசி மின்சாரம். ஏசி ஷாக் இதயத்தின் ஒரு துடிப்பில் கணிசமான பகுதி முழுக்க நீடிக்கும், அதனால் துடிப்பின் எந்தக் கட்டத்தில் அது விழுகிறது என்பது நம் கையில் இல்லை.

ஆனால் அதுதான் முக்கியம். ஈசிஜியில் டி அலை ஏறும் அந்தச் சின்ன இடைவெளியில் ஷாக் விழுந்தால், ஓடுகிற இதயமே வி.எஃப்.புக்குள் போய்விடலாம். ப்ரெவோவும் பாட்டெல்லியும் கண்ட அதே ஆபத்து. 1960களின் தொடக்கத்தில் டாக்டர் பெர்னார்ட் லௌன், பொறியாளர் பெர்கோவிட்ஸோடு சேர்ந்து, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரிலிருந்து சில மில்லி வினாடிகளே நீளும் டிசி ஷாக்கை உருவாக்கினார். அவ்வளவு குறுகிய ஷாக்கை ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பிலும் உயரமாக எழும் ஆர் அலையின் உச்சியோடு பொருத்தி, டி அலைக்கு முன்பே வைக்க முடிந்தது. அந்தப் பொருத்தம்தான் சிங்க். துடிப்பு உள்ளவருக்கு அது பாதுகாப்பு. வி.எஃப்.பில் ஆர் அலையே கிடையாது. கருவி வராத அலைக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

சிங்க் எரியவில்லை, ஆனாலும் போகவில்லையா? கையால் பிடித்து நெஞ்சில் அழுத்தும் பேடில் என்றால் இரண்டு கைப் பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், ஒன்று மட்டும் என்றால் நகராது. சார்ஜ் ஏற்றிவிட்டு யோசித்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் கருவி அதைத் தானே உள்ளுக்குள் இறக்கிவிடும். சில மாடல்களில் சார்ஜ் ஏறிய பிறகு ஜூல் (ஷாக்கின் சக்தி) அளவை மாற்றினாலும் இறங்கிவிடும். இவை எதுவும் பழுதில்லை. இன்னொரு பக்கம், சிங்க்கில் ஷாக் கொடுக்கும்போது பொத்தானைத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார்கள். ஆர் அலை வரும்வரை அழுத்திப் பிடித்திருங்கள். ஒவ்வொரு ஷாக்குக்குப் பிறகும் சிங்க் தானே அணைந்துவிடும் மாடல்களும் உண்டு, அணையாதவையும் உண்டு. உங்கள் வார்டில் உள்ளது எது என்பதைக் கருவியின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

சார்ஜ் ஏற ரொம்ப நேரம் எடுக்கிறது, அல்லது நடுவில் அணைந்துவிடுகிறது

முதலில் சுவர் சுவிட்சைப் பாருங்கள். கருவியின் பிளக் கீழே தொங்கும், அந்த இடத்தில் யாருடைய செல்போன் சார்ஜரோ இருக்கும். நான் பார்த்த 'செத்த பேட்டரி'களில் பல இப்படிச் செத்தவைதான்.

சுவிட்ச் சரி என்றால் பேட்டரி. நல்ல பேட்டரியோடு 200 ஜூல் ஏற சுமார் பத்து வினாடிக்கு மேல் ஆகக் கூடாது. ஆகிறதென்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. 200 ஜூல் என்றால் பெரிதாகத் தோன்றும். ஒரு 20 வாட் டியூப் லைட் பத்து வினாடியில் தின்னும் சக்திதான் அது. வித்தியாசம், ஷாக்கில் அவ்வளவும் சுமார் நூறில் ஒரு வினாடிக்குள் போகிறது. அதாவது 20,000 வாட் வேகம். எந்தக் கைக்கடக்கமான பேட்டரியாலும் அப்படிக் கொட்ட முடியாது. சின்ன மோட்டார் மாடித் தொட்டியை மெதுவாக நிரப்புகிறது, அப்புறம் பெரிய வால்வு ஒரே திறப்பாகத் திறக்கிறது. அந்தத் தொட்டிதான் கெபாசிட்டர். சோவியத் யூனியனில் நௌம் குர்விச் 1930களின் இறுதியிலேயே இந்தக் கெபாசிட்டர் வழியைக் காட்டியிருந்தார். மேற்கில் அது பரவ லௌன் காலம் வரை ஆனது.

கெபாசிட்டர் வந்ததால்தான் கருவி சுவரை விட்டு நகர்ந்தது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் டாக்டர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் 1965-ல் கார் பேட்டரிகளை வைத்து ஆம்புலன்சில் ஏற்றிய முதல் கருவி சுமார் 70 கிலோ. மூன்றே ஆண்டில் அதை 3 கிலோ சொச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அடுத்த முறை ஐ.சி.யூ. கருவி கனக்கிறது என்று சலித்துக்கொள்ளும்போது அந்த 70 கிலோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியும் புதிது, அப்போதும் மெதுவாகத்தான் ஏறுகிறது என்றால் உள்ளே சார்ஜர் சர்க்யூட்டோ கெபாசிட்டரோ பழுது. மூடியைத் திறக்காதீர்கள். ஆஃப் செய்த பிறகும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் மிச்சமிருக்கலாம். டிவி ரிப்பேர் தெரிந்த தம்பியைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வதும் வேண்டாம்.

தினசரி டெஸ்ட் ஃபெயில் ஆகிறது, ஜூல் குறைவாகக் காட்டுகிறது

பேடில்கள் தங்கள் தொட்டிலில் முழுதாக உட்கார்ந்திருக்கின்றனவா, உலோகத் தகட்டில் பழைய ஜெல் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தி, மறுபடி டெஸ்ட். பேடில்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்தோ காற்றில் பிடித்தோ ஷாக்கை இறக்கிச் சோதிக்காதீர்கள். தகடு கருகும், கருவிக்குள்ளும் கெடும். ஷாக்கின் அளவைச் சோதிக்கும் 50 ஓம் அனலைசரில் வைத்து அளக்கும்போது, வைத்த அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தக் கருவியை வார்டிலிருந்து எடுத்துவிடுங்கள். "அவசரத்துக்கு இருக்கட்டும் சார்" என்பார்கள். விடாதீர்கள்.

திரையில் நேர்கோடு

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி இருந்தாலோ புள்ளிப் புள்ளியாக ஓடினாலோ அது நோயாளியுடையதாக இருக்க வாய்ப்புக் குறைவு, வயர் கழன்றிருக்கும். உண்மையிலேயே நின்ற இதயத்தின் கோடு லேசாக அலைந்துகொண்டிருக்கும். திரையில் லீட் II (ஈசிஜி வயர்கள் வழியாக வரும் அலை) தேர்வாகியிருந்து, நெஞ்சில் பேட் மட்டும் ஒட்டியிருந்தாலும் இதே கோடுதான் வரும். தேர்வைப் பேட்டுக்கு மாற்றுங்கள். பிறகு அலை உயரத்தைக் கூட்டிப் பாருங்கள். மெல்லிய வி.எஃப். சில நேரம் நேர்கோடாக வேஷம் போடும். இத்தனையும் பார்க்கும்போது நெஞ்சழுத்தம் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

ஷாக் போனது, தீப்பொறி பறந்தது, தோல் கருகியது

காய்ந்த ஜெல், அல்லது சரியாகப் படியாத பேட். ஸ்கேன் ரூமில் இருக்கும் அல்ட்ராசவுண்ட் ஜெல்லை எடுத்துத் தடவியிருந்தால் அதுவும் காரணம், அது மின்சாரம் கடத்துவதற்காகச் செய்தது இல்லை. ஸ்பிரிட் கூடவே கூடாது, பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். இரண்டு பேடிலின் ஜெல்லும் நெஞ்சில் வழிந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடக் கூடாது.

பேடிலை வெறுமனே வைத்தால் போதாது, பத்துக் கிலோ பாரம் விழுவது மாதிரி அழுத்த வேண்டும். இந்த அழுத்தத்துக்கு ஒரு பெரிய கிளைக்கதை உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கௌவன்ஹோவன் குழுவைச் சேர்ந்த கய் நிக்கர்பாக்கர் என்பவர், நாயின் நெஞ்சில் கனமான பேடிலை அழுத்தியபோது ஷாக் கொடுக்கும் முன்பே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதைக் கவனித்தார். பேடிலை விட்டுவிட்டு வெறும் கையால் அழுத்திப் பார்த்தார்கள். 1960-ல் அது கட்டுரையாக வந்தது. இன்று நாம் செய்யும் சி.பி.ஆர். நெஞ்சழுத்தம் அப்படி வந்ததுதான்.

இப்போதைய பைஃபேசிக் கருவிகளில் மின்னோட்டம் ஒரு திசையில் போய், பாதியில் திசை மாறித் திரும்புகிறது. பழைய ஒருவழி ஷாக்குக்கு 360 ஜூல் வேண்டியிருந்த இடத்தில் இதற்கு 120 முதல் 200 ஜூல் போதும். உங்களிடம் பழைய கருவியும் புதிய கருவியும் இரண்டுமே இருந்தால், எதில் எத்தனை என்று எழுதி ஒட்டுங்கள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏ.இ.டி. சும்மா பீப் அடிக்கிறது

தன்னைத் தானே சோதித்துப் பார்த்து ஏதோ சரியில்லை என்கிறது. பச்சை விளக்கு சிவப்பாகியிருக்கும். பேட்டரி (பொதுவாக நாலைந்து வருடம்) அல்லது பேட் (சுமார் இரண்டு வருடம்), இரண்டில் ஒன்று. உறை மேலே தேதி இருக்கும். எரிச்சலில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்ட அபார்ட்மென்ட் எனக்குத் தெரியும். சத்தம் நின்றது, கருவியும் நின்றது. கத்திரி வெயிலில் காருக்குள் வைத்தாலும் பேட்டின் ஜெல் காயும். பெரும்பாலான கருவிகளுக்கு 50 டிகிரி செல்சியஸ்தான் எல்லை.

உடம்புக்குள் வைத்த கருவி ஷாக் கொடுத்துவிட்டது

ஐ.சி.டி. எனப்படும் இந்தக் கருவி மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற டாக்டரின் பிடிவாதம். தன் பழைய தலைமை மருத்துவர் 1966-ல் இதயத் தாளக் கோளாறால் இறந்த பிறகு, ஆளோடேயே இருக்கும் டிஃபிபிரிலேட்டர் வேண்டும் என்று கிளம்பினார். பல நிபுணர்கள் நடக்காத காரியம் என்றார்கள், லௌனும் அதில் ஒருவர். மார்ட்டன் மோவரோடு சேர்ந்து உழைத்து, 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதல் நோயாளிக்குப் பொருத்தவைத்தார்.

ஒரே ஒரு ஷாக், அதன் பிறகு உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் அன்றைக்கே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு நாளைக்குள் இரண்டோ அதற்கு மேலோ வந்தாலோ, கூடவே நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தாலோ 108. தொட்டுக்கொண்டிருந்தவருக்கு லேசாகச் சுருக்கென்று இருக்கலாம், ஆபத்தில்லை.

துடிப்பு ஒழுங்காக இருக்கும்போதே ஷாக் வந்ததென்றால், இதயத்துக்குப் போகும் வயரில் விரிசல் விழுந்து அந்த இரைச்சலைக் கருவி வி.எஃப். என்று படித்திருக்கலாம். குளிக்கும்போது வந்ததா? எர்த் சரியில்லாத ஹீட்டரிலிருந்து தண்ணீரில் கசியும் மின்சாரத்தையும் கருவி அப்படிப் படித்துவிடும். டாக்டரிடம் போகும் அன்றே எலெக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள். நெஞ்சுக்குள்ளிருந்து பீப் சத்தம் கேட்டால் அது பேட்டரி அல்லது வயர் பற்றிய எச்சரிக்கை. நாள் கடத்தாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

ஐ.சி.டி. உள்ள ஒருவர் நினைவில்லாமல் கிடக்கிறார், அவருடைய கருவி ஷாக் கொடுப்பதாகத் தெரியவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வெளியிலிருக்கும் ஏ.இ.டி.யை வழக்கம்போலவே போடலாம். காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி மாதிரிப் புடைப்பாகத் தெரியும், பேட்டை அதன் மேல் ஒட்டாமல் ஓர் உள்ளங்கை அகலம் தள்ளி ஒட்டுங்கள்.